முக்கால் பத்து

என் பெயர் பவுன். பிள்ளைக்கு நகை போட வக்கில்லாத அப்பா, பிள்ளைக்கே நகையின் பெயரை வைத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கம் அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை இருந்தது. புனேயில் அதுவும் போயிற்று. இங்கே முக்கால் கிலோவுக்கு 'பவுன் கிலோ' என்கிறார்கள். ஏரவாடா சந்தையில் காய்கறிக்காரனுக்கு என் பெயர் தெரிந்த நாளிலிருந்து, நான் போய் நின்றால் போதும், "பவுன்பாயி ஆயி, பவுன் கிலோ!" என்று, பவுனம்மா வந்தாச்சு என்கிற மாதிரி கூவிவிட்டு, நான் என்ன கேட்டாலும் முக்கால் கிலோவே நிறுத்துப் போடுவான். நானும் சிரித்துவிட்டு வாங்கி வருவேன். இந்தியில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த வார்த்தை ஒன்று உண்டென்றால் அது இதுதான். பவுன் என்றால் முக்கால்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் என் மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டேன்.

நாங்கள் புனே வந்தது இரண்டாயிரத்து ஒன்றில். என் வீட்டுக்காரர் மாடசாமிக்கு ஹடப்சரில் இரும்புத் தகடு வளைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. மகள் நீலாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஆறே மாதத்தில் இந்தியும் மராட்டியும் பேச ஆரம்பித்துவிட்டாள். ஆறு வருஷத்தில் நான் கற்றது சந்தைக்குப் போய்த் திரும்பும் அளவுக்குத்தான்.

நீலாவுக்குக் கணக்கு வரும். வரும் என்றால் நூற்றுக்கு நூறு வாங்குவதைச் சொல்லவில்லை, அது நிறையப் பிள்ளைகளுக்கு வரும். இவள் கணக்குப் போடும்போது காதுக்குப் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தாலும் கேட்காது. சாப்பிடும்போது ரசத்தில் விரலைத் தொட்டுத் தட்டில் கோடு போடுவாள். பேச்சிலும் அப்படித்தான், ஒன்று கூடவோ குறையவோ விடமாட்டாள். "நாலஞ்சு பேரு வந்தாங்க" என்று நான் பேச்சுவாக்கில் சொன்னால், "நாலா, அஞ்சாம்மா?" என்பாள். விருந்தாளியை எதிரே வைத்துக்கொண்டே கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்பதாம் வகுப்பில் அவளுடைய கணக்கு டீச்சர், கணித ஒலிம்பியாட் பயிற்சி ஒன்றுக்கு அவள் பெயரைக் கொடுத்தாள். ஒலிம்பியாட் என்றால் ஓடுவதா குதிப்பதா என்று கேட்டேன். "உக்காந்து யோசிக்கிறதும்மா" என்றாள் நீலா. பயிற்சிக்காரர்களுக்கு விமான் நகரில் ஒரு ஆபீஸ் இருந்தது. ஆனால் பாடம், கணக்கு, பரீட்சை எல்லாமே இணையத்தில். வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? பஸ் ஸ்டாப் பக்கத்தில் சாவந்த் என்பவரின் சைபர் கஃபேக்குச் சனி ஞாயிறுகளில் போவோம். பிள்ளைகள் அவரைக் 'காக்கா' என்று கூப்பிடுவார்கள். மராட்டியில் அது சித்தப்பாவாம். நான் வாய் தவறிக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

பிளைவுட் தடுப்புக்குள்ளே அவள் உட்கார, பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு நான் உட்காருவேன். அந்த வகுப்பில் குரல் கிடையாது, முகம் கிடையாது. எங்கேயோ இருக்கும் ஒரு சார் எழுத்தாக அடிப்பார், எந்தெந்த ஊரிலோ இருக்கும் பிள்ளைகள் எழுத்தாகப் பதில் அடிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்காத என் பிள்ளை அங்கே தனியாகச் சிரித்துக்கொண்டு தட்டினாள். ஒரு நாள் சிரிப்பு தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னட்டி எழுதியிருக்காரு உங்க சாரு?"

"தப்புன்னு எழுதியிருக்காரும்மா."

"அதுக்கா இம்புட்டுச் சிரிப்பு?"

"தப்பு, ஆனா நல்ல தப்பு, இதை விட்டுராதேன்னு எழுதியிருக்காரு."

அன்று முழுக்க அவள் முகத்தில் இருந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் ஏப்ரலில் கடைசித் தேர்வு. ஆறு கணக்கு, இரண்டரை மணி நேரம், அதுவும் இணையத்தில்தான். அதில் முப்பது பேரை எடுத்து ஜூன் கடைசியில் மூன்று வார முகாமுக்கு அனுப்புவார்கள். மேலே போவதற்கு அது ஒன்றுதான் வழி. பத்தாவது தாண்டிவிட்டால் இந்தத் தேர்வை மறுபடி எழுத முடியாது.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அவருக்கு அவர் கவலை. "இந்த முகாம் கெடச்சா பதினொண்ணு சேரட்டும், கணக்கே படிக்கட்டும், நான் குறுக்க நிக்கல. கெடைக்கலைன்னா டிப்ளமோ. வேலைக்கு ஒரு வழி வேணும்லா பவுனு" என்றார். நீலா அவரை நிமிர்ந்து பார்க்காமல் "சரிப்பா" என்றாள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. நீலா ஒரு சிநேகிதி வீட்டுக்கு நோட்டுத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள். எடுத்தால் இந்தி. ஒரு பெண் கடகடவென்று பேசினாள். 'சர்வர்' என்றாள், 'டைம்' என்றாள், மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. "தீரே தீரே போலோ பேட்டி" என்று, மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. "ஆன்ட்டி, நீங்க தமிழா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆமா தாயி, தமிழுதான்."

"நானும் தமிழ்தான் ஆன்ட்டி. பேரு ஜான்சி. கேம்ப் ஏரியால வீடு. தாத்தா டைம்லயே இங்க வந்துட்டோம், அதனால தமிழ் தோடா தோடாதான் வரும். இங்க தமிழ் பேசக்கூடாது, ஆனா உங்களுக்குப் புரியணும்ல. நாளைக்கு டெஸ்ட் ரெண்டு மணிக்கு இல்ல ஆன்ட்டி. சர்வர் ப்ராப்ளம். காலையிலேயே வெச்சுட்டாங்க. நீலாவுக்கு மெயிலும் போட்டிருக்கு. உங்க பேரு சொல்லுங்க, ரெஜிஸ்டர்ல எழுதணும்."

"பவுன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பவுனா? டைமும் அதுதான் ஆன்ட்டி! பௌனே தஸ். தமிழ்ல... முக்கால் பத்து. உங்க பேரு போட்ட டைம். மறக்கவே மாட்டீங்க."

"மறப்பனா தாயி? பத்து முக்காலு."

"ஆங், அதேதான் ஆன்ட்டி. கரெக்ட்."

நீ நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போனை வைத்தேன். காலண்டர் தாளில் பெரிதாக எழுதினேன்: காலை பத்தே முக்கால். நீலா வந்ததும் நேரத்தை மட்டும் சொன்னேன். பெயரை வைத்துச் சிரித்த கதையெல்லாம் இப்போது அவள் தலையில் ஏற்ற வேண்டாம், தேர்வு முடிந்ததும் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே தப்பைப் பிடித்திருப்பாள்.

மெயிலைப் பார்க்க வேண்டும் என்று சாவந்த் கடைக்கு ஓடினாள். கரண்ட் இல்லை, கடை அடைத்திருந்தது. திரும்பி வந்து, "பத்தே முக்கால்தானேம்மா? நல்லாக் கேட்டியா?" என்றாள்.

"ஏட்டி, அந்தப் பிள்ள தமிழ்லயே சொல்லிச்சு. தமிழ்ல சொன்னது எனக்கு வெளங்காதா?"

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போய்விட்டார். நீலா ஒன்பது மணிக்கே தயாராகி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். "போயிரலாம்மா, போயி உக்காந்திருப்போம்" என்றாள். "அந்தப் புழுக்கத்துல போயி ஒரு மணி நேரம் என்ன செய்யப் போற? சாப்பிடு" என்று உட்கார வைத்தேன். இரண்டு தோசை தின்றாள். எழுந்திருக்கப் போனவளை அதட்டி மூன்றாவது தோசையும் போட்டேன். பிறகு தலை சரியில்லை என்று பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டேன். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

சாவந்த் கடையில் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது மணி பத்து பதினெட்டு. நேரமும் காலமும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஸ்டூலை இழுத்தேன். நீலா பெயரையும் ரகசிய எழுத்துகளையும் அடித்தாள். திரையில் ஒரு வரி வந்தது. அவள் அசையாமல் அதையே பார்த்தாள்.

"என்னட்டி?"

"ஆரம்பிச்சாச்சும்மா."

"என்னத்த ஆரம்பிச்சாச்சு?"

"ஒன்பதே முக்காலுக்கே ஆரம்பிச்சிருக்கு. பத்தேகால் வரைக்கும்தான் உள்ள வரலாம். இப்ப மூடிருச்சு."

மூன்று நிமிஷம். என் கண்ணுக்கு அந்த மூன்றாவது தோசைதான் தெரிந்தது. நீலா அதே பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். அதே வரி திரும்பத் திரும்ப வந்தது. என் செல்லை வாங்கி ஆபீஸுக்குப் போன் போட்டாள். எங்கேஜ். மறுபடியும் எங்கேஜ்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நேரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு, இப்போது போனை எடுக்காமல் இருக்கிறார்களா? "எந்திட்டி, நேர்லயே போவோம். எவன் மூடுனானோ அவனே தெறப்பான்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, போன ஆட்டோவின் முன்னால் விழாத குறையாக நின்றேன். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே போனேன். நீலா ஒவ்வொரு சிக்னலிலும் மணியை மட்டும் சொன்னாள். பத்து இருபத்தொன்பது. பத்து முப்பத்து நாலு. சொல்லாதேட்டி என்று கத்தினேன்.

ஆபீஸ் என்பது மூன்றாவது மாடியில் ஒரு வீடு. மேஜைக்குப் பின்னால் ஜோஷி சார் என்பவர் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். நீலா மூச்சு வாங்க இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னாள். எங்களுக்குப் பத்தே முக்கால் என்றுதான் சொல்லப்பட்டது என்றாள். அவர் கேட்டுவிட்டு, எனக்கும் விளங்கட்டும் என்று மெதுவாக இந்தியில் சொன்னார். எங்கள் பக்கம் தப்பு இருந்தால் இந்த நிமிஷமே திறந்துவிடுகிறேன், பன்னிரண்டே கால் வரைக்கும் எழுதட்டும். உங்கள் பக்கம் தப்பு என்றால் முடியாது, நேரத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு அநியாயம் ஆகிவிடும். எனக்கு அது நியாயமாகவே பட்டது. நான்தான் சரியாயிற்றே.

அவர் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு, உள்ளே பார்த்து "ஜான்சி" என்று கூப்பிட்டார். இருபது வயதிருக்கும், ஒல்லியாக, கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் வந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தேன். என் பக்கம் சாட்சி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இவள் உங்களுக்கு எத்தனை மணி என்று சொன்னாள்?" என்று ஜோஷி சார் என்னைக் கேட்டார்.

தமிழில் சொன்னால் அவருக்குப் புரியாது. இந்தியிலேயே சொல்லி, தப்பிக்க வழியில்லாமல் பண்ணிவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த வார்த்தை எனக்குத் தெரியுமே. மேஜையில் ஓங்கித் தட்டினேன்.

"பௌனே தஸ்! பௌனே தஸ் போலா! மேரா நாம் பவுன்! பௌனே தஸ்!"

பௌனே தஸ் என்றுதான் சொன்னாள், என் பெயரே பவுன் என்று கத்தினேன். ஜோஷி சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார்.

"சஹி போலா ஹை. ஆப் லேட் ஆயே."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், நீங்கள்தான் தாமதம் என்கிறார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நீலாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திறந்தபோது நேராக ஜான்சியைப் பார்த்து, மெல்லக் கேட்டாள்.

"அக்கா, அம்மாகிட்ட தமிழ்லயா சொன்னீங்க?"

ஜான்சி ஜோஷி சாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலை அசைந்ததோ இல்லையோ என்கிற அளவுக்கு ஆட்டினாள். போன் இருந்த மேஜைக்கு மேலே சுவரில் இங்கிலீஷில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நீலா அதைப் படித்தாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று சார் கேட்டார்.

"நோ சார்" என்றாள் என் மகள்.

படியிறங்கும்போது அவளை நான் பேசாத பேச்சில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய், அவர்கள் புளுகுகிறார்கள், நீ பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று கத்தினேன். கீழே கடைசிப் படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"பௌனே தஸ்னா பத்தே முக்கால் இல்லம்மா. பத்துக்குக் கால் மணி குறைச்சல். ஒன்பதே முக்கால்."

"பவுன்னா முக்கால்தானட்டி? காய்க்காரன் தெனமும் சொல்லுதானே?"

"பவுன் கிலோன்னா ஒரு கிலோவுக்குக் கால் கிலோ குறைச்சல். பௌனே தஸ்னா பத்து மணிக்குக் கால் மணி குறைச்சல். அதேதாம்மா. அந்த அக்கா தமிழ்ல உன்கிட்ட எப்படிச் சொன்னாங்க?"

"முக்கால் பத்துன்னு சொன்னா."

"அவங்களுக்குத் தமிழ்ல மணி சொல்லத் தெரியல. பௌனே தஸ்ஸை அப்படியே தமிழ்ல திருப்பிட்டாங்க. நீ அதைப் பத்தே முக்கால்னு கேட்டுட்ட."

"அப்ப அவ தப்புதானே! மேலயே சொல்ல வேண்டியதுதானட்டி!"

"அந்தத் தாள்ல என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? எழுதிக் குடுத்ததை மட்டும் இங்கிலீஷ்லயோ இந்தியிலயோ படிக்கணும். வேற பேசினா வேலையிலேர்ந்து நிறுத்திருவாங்க. உனக்குப் புரியணும்னுதானேம்மா அவங்க தமிழ் பேசினாங்க?"

மணி பத்து ஐம்பத்தைந்து. அந்தப் பெண்ணின் சிரிப்பு என் காதில் கேட்டது. உங்க பேரு போட்ட டைம், மறக்கவே மாட்டீங்க. எல்லாம் எனக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. தெரிந்துதான் திரும்பிப் படியேறினேன். நீலா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம்மா, வேண்டாம்மா" என்று பின்னாலேயே வந்தாள். உதறிவிட்டு ஏறினேன்.

எனக்கு என்ன இந்தி வந்ததோ அத்தனையையும் கொட்டினேன். "ஏ லட்கி தமிழ் போலா. ஹிந்தி நை, தமிழ். முக்கால் பத்து போலா." இந்தப் பெண் இந்தியில் இல்லை, தமிழில்தான் சொன்னாள் என்றேன். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே போய் நின்று, சின்ன முள் பத்தைத் தாண்டியும் பெரிய முள் ஒன்பதிலும் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி விரலால் காட்டினேன். எங்கள் பாஷையில் அது இதுதான் என்றேன். ஜோஷி சார் ஜான்சியைத் திரும்பிப் பார்த்தார். தமிழில் பேசினாயா என்று கேட்டார். அவள் கழுத்து அட்டையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

நான் அவள் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "சொல்லு தாயி. எம் பிள்ளைக்கு இதவிட்டா வேற இல்ல. ஒன் கால்ல விழுதேன்." சொன்னபடி விழவும் செய்தேன். முப்பத்தெட்டு வயது பொம்பளை இருபது வயதுப் பெண்ணின் செருப்பில் தலையை வைத்தேன். எனக்கு வெட்கமே இல்லை.

"ஆன்ட்டி, ப்ளீஸ், எழுந்திருங்க" என்று அவள் என்னைத் தூக்கினாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒன்பது, முக்கால், பத்து என்று தனக்குள் சொல்லிப் பார்க்கிறாள். வீட்டில் அவள் அம்மா எப்படி மணி சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தாளோ என்னவோ. அவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்களிடம் சாட்சியே கிடையாது. அவள் சொல்லவில்லை.

"கல்தி மேரி ஹை சார்" என்றாள். தப்பு என்னுடையதுதான்.

பக்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டரில் திறந்துவிட்டார்கள். நீலா உட்கார மாட்டேன் என்றாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "என்னால முடியாதும்மா" என்றாள்.

"ஏட்டி, அவ வேலை போயாச்சு. நீ எழுதாம நின்னா அது திரும்பி வந்துருமா? இனிமே நீ எழுதுனாத்தான் அதுக்கு ஒரு அர்த்தம். உக்காரு" என்று தோளைப் பிடித்து அழுத்தினேன். உட்கார்ந்தாள். மணி பதினொன்று பத்து. இரண்டரை மணி நேரப் பரீட்சையில் மிச்சமிருந்தது ஒரு மணி ஐந்து நிமிஷம்.

நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தேன். எந்தச் சாமியைக் கும்பிடுவது, எந்த வாயை வைத்துக்கொண்டு கும்பிடுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜான்சி கைப்பையும் டிபன் டப்பாவுமாக வெளியே வந்தாள். கழுத்தில் அட்டை இல்லை. என்னைத் தாண்டி இரண்டு படி இறங்கினவள் நின்று திரும்பினாள்.

"தண்ணி வேணுமா ஆன்ட்டி? உள்ள ஃபில்டர் இருக்கு. லெஃப்ட் சைடுல."

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் இறங்கிப் போனாள். செருப்புச் சத்தம் மூன்று மாடியும் கேட்டது.

பன்னிரண்டே காலுக்கு நீலா வந்தாள். "எத்தன போட்ட?" என்றேன். "ரெண்டு முழுசா. மூணாவது பாதி" என்றாள். ஆறில் இரண்டரை போதுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆட்டோவில் என்னைத் தொடாமல் ஓரமாக உட்கார்ந்து வந்தாள்.

மே மாதம் பட்டியல் வந்தது. சாவந்த் கடையில் அவள் மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள், கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தாள். முப்பது பெயர். அவள் பெயர் இல்லை. "சரி, போலாம்மா" என்று எழுந்தாள். அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் டிப்ளமோ படிவம் வாங்கி வந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார். நீலா புள்ளி இருந்த இடமெல்லாம் போட்டாள்.

சைபர் கஃபேக்கு அதன் பிறகு அவள் போகவில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, "நாலஞ்சு பேரு வந்தாங்க" என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. அன்று அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஜூன் கடைசியில் டிப்ளமோவுக்கு டிராஃப்டர் வாங்கக் கேம்ப் என்கிற ஏரியாவில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்குப் போனோம். கோடு போடும் கருவி அது, நீளமாக ஒரு பையில் இருக்கும். நீலா அதை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். பில் போட நிமிர்ந்த பெண் ஜான்சி.

ஓடிவிடலாமா என்று இருந்தது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். "பவுன் ஆன்ட்டி!" என்றாள். கோபம் இருக்கும் என்று அவள் முகத்தைத் தேடினேன். ஒன்றும் இல்லை. நீலாவின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கவுண்டரில் ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"சொல்லு, செலக்ட் ஆனியா?"

டிராஃப்டர் எங்கள் மூவருக்கும் நடுவில் கிடந்தது. இல்லை என்று நீலா சொல்லத்தான் போகிறாள், ஒன்று கூடவோ குறையவோ சொல்ல அவளுக்குத் தெரியாது என்று நினைத்து, தரையைப் பார்த்தேன்.

"ஆயிட்டேன்க்கா" என்றாள் நீலா.

"ஸ்தோத்திரம்!" ஜான்சி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "நான் டெய்லி பிரேயர்ல உன் பேரு சொன்னேன் தெரியுமா? அப்பாடா. அப்ப அந்த ஜாப் போனதும் நல்லதுக்குத்தான். இது யாருக்கு?"

"எங்க மாமா பையனுக்கு. டிப்ளமோ சேர்றான்."

"நீ எப்ப போற மேத்ஸ் கேம்புக்கு?"

"நாளைக்குக்கா. காலையில ஒன்பதே முக்காலுக்கு டிரெயின்."

ஜான்சி பில் புத்தகத்தை மூடினாள். விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள்.

"ஒன்பதே முக்கால். பௌனே தஸ். மம்மிகிட்ட கேட்டுக் கத்துக்கிட்டேன். இப்ப கரெக்டா ஆன்ட்டி?"

"கரெக்டு தாயி" என்றேன்.